இருமாவும் நாலுமாவும்

போன பொங்கலுக்கு அமராவதிபுதூர் வீட்டுக்கு வந்திருந்த பேத்தி, முகப்புத் திண்ணையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். கணினி அறிவியல் இரண்டாமாண்டு படிக்கிறாள். "ஐயா, இதை வந்து பாருங்களேன், ரொம்ப நேரமா மண்டையைக் குடையுது" என்று கூப்பிட்டாள். பைத்தான் மொழியில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொல்லியிருந்தாள். திரையில் வந்திருந்த விடை 0.30000000000000004.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுழிகளை எண்ணினேன். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே பதினைந்து சுழி. பத்துப் பைசாவும் இருபது பைசாவும் சேர்ந்தால் முப்பது பைசா என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். அந்தக் கடைசி நாலு எங்கிருந்து வந்தது?

எனக்கு அந்தக் கணக்கு வேறொரு பேச்சில் ஓடியது. 0.1 என்பது இருமா. 0.2 நாலுமா. இரண்டும் சேர்ந்தால் ஆறு மா. அதில் ஐந்து மா ஒரு கால். மீதி ஒரு மா. ஆக, காலே ஒரு மா. பிசிறு எதுவும் இல்லை.

ராய. சொ. பிறந்த ஊர் என்று தமிழ் படித்தவர்களுக்கு அமராவதிபுதூரைத் தெரியும். செட்டிநாட்டின் மற்ற ஊர்களைப் போல, பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கணக்கெழுதப் போனவர்களின் ஊரும் இது. என் அப்பச்சி அப்படிப் போனவர். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியைத் தலைகீழாக ஒப்பித்துவிட்டுத்தான் கப்பல் ஏறினார். அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஏணி இது. ஒன்றில் பாதி அரை. அதில் பாதி கால். அதில் பாதி அரைக்கால். அதிலும் பாதி வீசம், அதாவது 16-இல் ஒன்று. மாகாணி என்றும் சொல்வார்கள். இது பாதி பாதியாக இறங்கும் ஏணி. இதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று உண்டு. 20-இல் ஒன்று மா. அதில் கால்பங்கு காணி, 80-இல் ஒன்று. காணியில் பாதி அரைக்காணி, 160-இல் ஒன்று. அதிலும் பாதி முந்திரி, 320-இல் ஒன்று. முந்திரியை இன்னொரு 320 ஆக்கினால் கீழ்முந்திரி. காரிநாயனாரின் கணக்கதிகாரம் பாடம் சொல்வது இந்தச் சொற்களில்தான். இவற்றின் குறியீடுகள் 2019-இல் யூனிகோடிலும் ஏறிவிட்டன.

பேத்தியின் கேள்விக்கு வகுப்பில் கிடைத்திருந்த பதில், "கணினிக்குத் தசம எண்கள் எல்லாம் தோராயம்தான்" என்பது. எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. அது பாதி உண்மை. தவறான பாதியே மனத்தில் தங்கிவிடுகிறது. கணினி தன்னிடம் வைத்திருக்கும் எண்ணில் எந்தக் குழப்பமும் இல்லை. அது ஒரு துல்லியமான பின்னம். தாளில் எழுதிக்காட்டக்கூடிய, பெருக்கிச் சரிபார்க்கக்கூடிய பின்னம். நாம் கொடுத்த எண்ணுக்குப் பதிலாக அதற்கு மிக நெருங்கிய வேறோர் எண்ணை அது வாங்கி வைத்துக்கொண்டது; நடந்தது அவ்வளவுதான். இப்படி மாறியது வாசற்படியில், உள்ளே நுழையும்போதே. அது எப்படி என்று பார்க்க ஒரு படி அரிசி போதும்.

பழைய முகத்தல் அளவையை நினைத்துக்கொள்ளுங்கள். படியில் பாதி உரி. உரியில் பாதி உழக்கு. உழக்கில் பாதி ஆழாக்கு. இதே போல அரை ஆழாக்கு, கால் ஆழாக்கு என்று பாதி பாதியாகச் சிறுத்துக்கொண்டே போகும் அளவுகள் மட்டும் நம்மிடம் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வோர் அளவையும் ஒரே ஒரு தடவைதான் எடுக்கலாம். கணினியின் இரும எண் முறை இதுதான்: ஒவ்வோர் அளவுக்கு நேரேயும், எடுத்தால் 1, எடுக்காவிட்டால் 0. அந்த ஒவ்வோர் இடத்துக்கும் பிட் என்று பெயர்.

இப்போது படியில் பத்தில் ஒன்றை, இருமாவை, இந்த அளவுகளால் அளந்துபார்ப்போம். உரி பெரிது. உழக்கு பெரிது. ஆழாக்கும் பெரிது. அரை ஆழாக்கு, அதாவது வீசம் படி, கொள்ளும், எடுத்துக்கொள்கிறோம். இருமாவில் வீசம் போனால் மீதி முக்காணி, 80-இல் மூன்று. அடுத்த அளவு அரை வீசம், 32-இல் ஒன்று. அதுவும் கொள்ளும். எடுத்தபின் மீதி அரைக்காணி, 160-இல் ஒன்று.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். 160-இல் ஒன்று என்பது, பத்தில் ஒன்றை மேலும் பதினாறாகப் பிரித்ததில் ஒரு பங்கு. நாம் எந்தக் கணக்கோடு தொடங்கினோமோ அதே கணக்கு வீசமாகச் சுருங்கி மறுபடி எதிரே நிற்கிறது. அதையும் அளந்தால் இரண்டு அளவு கொள்ளாமல் போகும், இரண்டு கொள்ளும். அப்புறம் இன்னும் பதினாறில் ஒன்றாக அதே கணக்கு வந்து நிற்கும். இது முடியவே முடியாது. எத்தனை சின்ன அளவு செய்துவைத்தாலும் ஒரு துளி அரிசி மிஞ்சும். சோதித்துக் கண்டுபிடிக்க வேண்டிய செய்தி இல்லை இது. மீதி தன்னையே திருப்பிக் காட்டுவதால் உறுதியாகத் தெரிந்துவிடுகிறது.

காரணமும் எளிது. பாதி பாதியாக்கினால் பின்னத்தின் பகுதியில், கோட்டுக்குக் கீழே, 2, 4, 8, 16 என்றுதான் வரும். அந்த வரிசையில் எவ்வளவு தூரம் போனாலும் ஐந்தால் வகுபடும் எண் வராது. பத்துக்குள்ளோ ஓர் ஐந்து இருக்கிறது. நம் முன்னோர் வைத்த மா, காணி, முந்திரி எல்லாவற்றுக்குள்ளும் அந்த ஐந்து இருந்தது. 320 என்பது 64 ஐந்துகள். அதனால்தான் வீசமும் இருமாவும் முந்திரிக் கணக்கில் முழு எண்ணாக உட்கார்கின்றன: வீசம் 20 முந்திரி, இருமா 32 முந்திரி. கணினிக்கு அரை, கால், அரைக்கால், வீசம் ஏணி மட்டும் தெரியும். மா ஏணி தெரியாது.

அணாக்காசில் கணக்கெழுதிய தலைமுறைக்கு இந்த எந்திரம் இன்னும் இணக்கமாக இருந்திருக்கும். ஓரணா ரூபாயில் வீசம். இரண்டணா அரைக்கால். நாலணா கால். எட்டணா அரை. எல்லாம் பாதி ஏணியின் படிகள். 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு நூறு நயா பைசா என்றானது. ஒரு பைசாவிலிருந்து 99 பைசா வரை உள்ள தொகைகளை ரூபாயின் பின்னமாக இரும முறையில் எழுதினால், மிச்சமில்லாமல் முடிபவை மூன்றே மூன்று: 25, 50, 75. நாம் இன்றும் பழைய பெயரால் நாலணா, எட்டணா, முக்கால் ரூபாய் என்று சொல்கிறோமே, அவையேதான். மீதி 96 தொகையும் இருமாவைப் போல வாசலில் ஆள் மாறித்தான் உள்ளே போகும்.

முடியாத வரிசையைக் கணினி எங்கேயாவது வெட்டியாக வேண்டும். எங்கே வெட்டுவது, எப்படி வெட்டுவது என்பதற்கு 1985-இல் ஒரு பொது விதி வந்தது. ஐ.இ.இ.இ. 754 என்பது அதன் பெயர். அதை வடிவமைப்பதில் முதன்மையானவர் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் பணியாற்றிய கணிதவியலாளர் வில்லியம் கஹான். 1989-இல் டூரிங் விருது பெற்றவர். இந்த விதிக்கு முன்பு ஒவ்வொரு நிறுவனத்தின் எந்திரமும் தனக்குத் தோன்றியபடி வெட்டியது. ஒரே கணக்குக்கு இரண்டு எந்திரத்தில் இரண்டு விடை. விதிப்படி, முதன்முதலில் கொள்ளும் அளவிலிருந்து எண்ணத் தொடங்கி 53 இடம் வரை வைத்துக்கொள்ளலாம். எண் சின்னதானால் தொடக்கம் கீழே இறங்கும், பெரிதானால் மேலே ஏறும். தண்ணீர் மட்டத்தோடு ஏறி இறங்கும் தெப்பம் மாதிரி புள்ளி நகர்வதால் இந்த எண்களுக்கு மிதவைப் புள்ளி எண்கள் என்று பெயர். 53-ஆம் இடத்தில் மீதியைப் பார்த்து, எது நெருக்கமோ அந்தப் பக்கமாக மேலேயோ கீழேயோ தள்ளி முடித்துவிட வேண்டும்.

"அப்படித் தள்ளிவிட்டு உள்ளே வைத்திருப்பது எந்த எண் என்று அதையே கேட்க முடியுமா?" என்று பேத்தியிடம் கேட்டேன். முடியும் என்றாள். பைத்தானில் 2008 முதல் ஃபிராக்‌ஷன் என்று ஒரு வகை இருக்கிறது. தொகுதி, பகுதி என்று இரண்டு முழு எண்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் பின்ன வகை. அதனிடம் 0.1 என்ற மிதவை எண்ணைக் கொடுத்தாள். பத்தில் ஒன்று என்று வரவில்லை. தொகுதி 3602879701896397. பகுதி 36028797018963968.

அவள் திகைத்தாள். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது, ஏனென்றால் இதைப் பென்சிலால் சரிபார்க்கலாம். உண்மையிலேயே பத்தில் ஒன்றாக இருந்தால் தொகுதியைப் பத்தால் பெருக்கினால் பகுதி வர வேண்டும். பெருக்கினால் வருவது 36028797018963970. பகுதி 68-இல் முடிகிறது, இது 70-இல் முடிகிறது. இரண்டு மிகை. அந்த இரண்டுதான் வாசலில் ஏறிய துளி அரிசி. பகுதியாக நிற்கும் 17 இலக்க எண்ணும் சும்மா வந்ததில்லை: 2-ஐ 55 தடவை தன்னோடு பெருக்கினால் வருவது. பாதி ஏணியில் 55 படி இறங்கிய இடம். மிகை எவ்வளவு சிறிது என்றால், ஒன்று என்பதைப் பூமிக்கும் சூரியனுக்கும் இடையே உள்ள 15 கோடி கிலோமீட்டராக வைத்தால், அது ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாக்கியதில் ஒரு பங்கைவிடக் குறைவு.

கடைசி நாலு வந்த வழியையும் இதே பென்சிலால் பிடித்துவிடலாம். கொஞ்சம் பொறுமை வேண்டும், ஆனால் இதில்தான் ருசி. பகுதியை 2-இன் 55-ஆம் அடுக்காகவே வைத்துக்கொள்வோம். 0.1-க்குத் தொகுதி 3602879701896397. 0.2 அதன் இருமடங்கு, 7205759403792794. கூட்டினால் 10808639105689191. இதுவரை எல்லாம் துல்லியம். ஆனால் இந்தத் தொகை 53 இடத்துக்குள் அடங்காது; ஓர் இடம் கூடுதலாகக் கேட்கிறது. ஆகவே படி ஒன்று மேலேறி, தொகுதியைப் பாதியாக்க வேண்டும். ஒற்றைப்படை எண்ணின் பாதி: 5404319552844595-உம், மேலே ஓர் அரையும். 595-இல் முடிவதற்கும் 596-இல் முடிவதற்கும் சரி நடுவில் வந்து நிற்கிறது கணக்கு.

நடுவில் நின்றால் என்ன செய்வது என்றும் விதி சொல்கிறது: இரட்டைப்படை எண் பக்கம் போ. எப்போதும் மேலேயே தள்ளினால், லட்சம் கணக்குப் போடும்போது எல்லா மிகையும் ஒரே திசையில் குவிந்துவிடும். இரட்டையைத் தேடிப் போனால் பாதித் தடவை மேலேயும் பாதித் தடவை கீழேயும் போய்ச் சமனாகும். ஆகவே 596. நேராக 0.3 என்று தட்டியிருந்தாலோ அதன் இடம் 595-ஐத் தாண்டி ஐந்தில் ஒரு பங்கு. நெருங்கிய முழு எண் 595. ஒன்று 595-ஆம் படியில், இன்னொன்று 596-ஆம் படியில். இரண்டையும் வேறு வேறு என்று காட்டத்தான் திரை அந்த நாலைப் போட்டது.

பைத்தானின் பழைய பதிப்புகளில் 0.1 என்று மட்டும் தட்டினாலே 0.10000000000000001 என்று வரும். 2009-இல் வந்த 3.1 பதிப்பிலிருந்து, அந்த மிதவை எண்ணை மற்றவற்றிலிருந்து பிரித்தறியப் போதுமான மிகக் குட்டையான வடிவத்தைக் காட்டுகிறார்கள். படிக்க வசதிதான். ஆனால் புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு உள்ளே ஆள் மாறியிருக்கும் செய்தியே கூட்டல் போடும் நாள்வரை தெரியாமல் போகிறது.

இத்தனை சின்னத் துளியைப் பற்றி ஏன் கவலை என்று கேட்கலாம். 1991 பிப்ரவரி 25 அன்று, வளைகுடாப் போரின்போது, சவூதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்கப் படையினர் தங்கியிருந்த கட்டடத்தின் மேல் ஸ்கட் ஏவுகணை ஒன்று விழுந்து 28 பேர் இறந்தார்கள். அதைத் தடுக்க அங்கே பேட்ரியட் ஏவுகணை இருந்தது. அது புறப்படவே இல்லை. அதன் கணினி காலத்தைப் பத்தில் ஒரு நொடி, பத்தில் ஒரு நொடியாக எண்ணிக்கொண்டிருந்தது. அந்தப் பத்தில் ஒன்றை 24 பிட் இடத்தில் வெட்டி வைத்திருந்தார்கள். ஓர் எண்ணலுக்கு விடுபட்டது ஒரு நொடியைக் கோடியாக்கியதில் ஏறக்குறைய ஒரு பங்குதான். ஆனால் எந்திரம் சுமார் 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடியிருந்தது. 36 லட்சம் எண்ணல். சேர்ந்த பிழை 0.34 நொடி. நொடிக்கு ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் பாயும் ஏவுகணை அந்த நேரத்தில் அரைக் கிலோமீட்டருக்கு மேல் போயிருக்கும். ரேடார் தேட வேண்டிய இடத்தை விட்டு வேறிடத்தைத் தேடியது. இதே இருமாதான்.

சரி, உள்ளே இருப்பது எது என்று தெரிந்துவிட்டது. இப்போது அடுத்த கேள்வி. 3602879701896397 என்று தொடங்கும் அந்தப் பின்னத்தைப் பார்த்து, போட்டவர் மனத்தில் நினைத்தது பத்தில் ஒன்று என்று திரும்பக் கண்டுபிடிக்க முடியுமா? பைத்தானில் லிமிட் டினாமினேட்டர் என்றொரு கட்டளை உண்டு. பகுதி இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு சொன்னால், அந்த வரம்புக்குள் மிக நெருங்கிய பின்னத்தைத் தரும். வரம்பு சொல்லாவிட்டால் பத்து லட்சம் என்று எடுத்துக்கொள்ளும். பேத்தி போட்டாள், 1/10 என்று பளிச்சென்று வந்தது. பத்து லட்சம் பகுதிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தா கண்டுபிடித்தது? இல்லை. அதற்கு இருக்கும் வழி பழையது, அழகானது. எங்கள் வீட்டு வளவில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல்லை வைத்தே சொல்லலாம்.

நீளமான ஒரு கூடத்தின் தரையை, முடிந்தவரை பெரிய சதுரங்களால் நிரப்ப வேண்டும். முதலில் கூடத்தின் அகலத்தையே பக்கமாகக் கொண்ட சதுரங்கள் எத்தனை அடங்கும் என்று பார்க்கிறோம். மீதி ஒரு குறுகிய பட்டை. அந்தப் பட்டையின் அகலத்தில் சதுரங்கள் எத்தனை அடங்கும் என்று பார்க்கிறோம். இப்படியே மீதி இல்லாமல் போகும்வரை. ஒவ்வொரு சுற்றிலும் அடங்கிய சதுரங்களின் எண்ணிக்கையை எழுதிவைத்தால் அதுவே தொடர்பின்னம். கிரேக்கத்தில் யூக்ளிட் மீப்பெரு பொது வகுத்தி காண வைத்த முறையும், ஆரியபட்டர் குட்டகம் என்று வளர்த்தெடுத்ததும் இதே வேர்.

நம் பின்னத்துக்குப் போடுவோம். கூடத்தின் நீளம் பகுதி, அகலம் தொகுதி. பத்துச் சதுரம் அடங்குவதற்கு இரண்டே இரண்டு குறைகிறது, ஆகவே ஒன்பது. மீதிப் பட்டையின் அகலம் 3602879701896395, கூடத்தின் அகலத்தைவிட இரண்டு மட்டும் குறைவு. அதில் ஒரு சதுரம் அடங்கும். இப்போது எஞ்சுவது மயிரிழை போன்ற பட்டை, அகலம் வெறும் 2. அதில் எத்தனை சதுரம் அடங்கும்? 1801439850948197. அதற்குப் பிறகு இரண்டு, முடிந்தது. வரிசையை எழுதிப் பாருங்கள்: 9, 1, 1801439850948197, 2. மூன்றாவது எண் கண்ணில் அறைகிறது. அனுபவமுள்ள கொத்தனார் அந்த இடத்தில் உளியை வைத்துவிட்டு, "இது பத்துக் கல்லுக்குப் போட்ட தரைங்க, கடைசி இழையைச் சுண்ணாம்பு வச்சுப் பூசிடலாம்" என்பார். தொடர்பின்னத்தில் திடீரென்று ஒரு பெரிய எண் வந்தால், அதற்கு முந்தின இடத்தில் வெட்டியது அபாரமாகப் பொருந்தும் பின்னம் என்று அர்த்தம். 9, 1 வரை வெட்டினால் கிடைப்பது 1/10.

இதே முறையில் பை (π) என்ற எண்ணைப் போட்டால் 3, 7, 15, 1, 292 என்று வரும். 3-ஓடும் 7-ஓடும் நிறுத்தினால் பள்ளிக்கூடத்து 22/7. 292-க்கு முன் நிறுத்தினால் 355/113, ஆறு தசம இடம் வரை சரியாக வரும் பின்னம். இராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்தபோது, நண்பர் மகாலனோபிஸ் அவரிடம், பத்திரிகையில் வந்த வீட்டு எண் புதிர் ஒன்றைச் சொன்னார். ஒரு தெருவில் ஒரு வீட்டுக்கு இடப்புறம் உள்ள எண்களின் கூட்டலும் வலப்புறம் உள்ளவற்றின் கூட்டலும் சமம். தெருவில் ஐம்பதுக்கு மேல் ஐந்நூறுக்குள் வீடுகள். அடுப்பில் சமைத்துக்கொண்டே இராமானுஜன் ஒரு தொடர்பின்னத்தை விடையாகச் சொன்னார். 288 வீடுள்ள தெருவில் 204-ஆம் வீடு என்ற விடை மட்டுமல்லாமல், அப்படிப்பட்ட எல்லாத் தெருக்களும் அதற்குள் இருந்தன. கும்பகோணத்துக்காரர் கைக்கு இந்தக் கருவி அவ்வளவு பழகியிருந்தது.

ஆனால் பேத்தியிடம் ஒன்றை அழுத்திச் சொன்னேன். முதல் கேள்விக்கு விடை ஒன்றே ஒன்று: உள்ளே இருப்பது இது, மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. இரண்டாவது கேள்விக்கு வருவது ஊகம். 0.333 என்ற எண்ணைக் கொடுத்து வரம்பைப் பத்து லட்சமாக விட்டால் 333/1000 வரும். வரம்பைப் பத்தாக்கினால் 1/3 வரும். எழுதியவர் மூன்றில் ஒன்றைச் சுருக்கி எழுதினாரா, அல்லது தராசில் 333 கிராம் காட்டியதா? எந்திரத்துக்கு அது தெரிய வழியே இல்லை. வரம்பு வைக்கிற நமக்குத்தான் தெரியும். லிஸ்ப் மொழியை வகுத்தவர்கள் இதை நன்றாக உணர்ந்து இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்தார்கள்: உள்ளதை உள்ளபடி தருவது ரேஷனல், நினைத்ததை ஊகிப்பது ரேஷனலைஸ். ரூபியிலும் ஜூலியாவிலும் இந்தப் பிரிவினை இருக்கிறது. பெயர் இரண்டாக இருப்பது படிக்கிறவருக்குப் பெரிய உதவி என்பது என் எண்ணம்.

ஊகிக்கும் நிலைக்கே போகாமல் இருக்கவும் வழி உண்டு. மிதவை எண்ணாக மாறுமுன் பிடித்துவிட வேண்டும். ஃபிராக்‌ஷனிடம் 0.1 என்பதை மேற்கோள் குறிக்குள் எழுத்தாகக் கொடுத்தால், அது புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் இருப்பதைப் படித்துப் பத்தில் ஒன்று என்றே வைத்துக்கொள்ளும். எல்லாக் கணக்கையும் ஏன் இப்படியே போடக்கூடாது என்றாள். பின்னங்கள் வளரும். ஒன்று, அரை, மூன்றில் ஒன்று, கால் என்று இருபதில் ஒன்று வரை கூட்டிப் பாருங்கள்: 55835135/15519504. வானிலைக் கணக்கில் இப்படி நூறு கோடிக் கூட்டல் நடந்தால் ஒவ்வோர் எண்ணும் பக்கம் பக்கமாக நீளும். மிதவை எண் அங்கே தேவைதான். பணக் கணக்கில் மட்டும் அதை உள்ளே விடாமல், ரூபாயைப் பைசாவாக்கி முழு எண்ணாகவே வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

அன்று சாயங்காலம் அவளே முந்திரிக் கணக்குக்கு ஒரு நிரல் எழுதினாள். ஒன்றுக்கு 320 முந்திரி. இருமா 32, நாலுமா 64, கூட்டினால் 96. காலே ஒரு மா என்று தமிழிலேயே திரையில் வந்தது. உடனே, "ஐயா, மூணுல ஒண்ணு?" என்றாள். 320-ஐ மூன்றால் வகுத்தால் 106, மீதி 2 முந்திரி. அந்த இரண்டைக் கீழ்முந்திரியாக்கினால் 640. மூன்றால் வகுத்தால் 213, மீதி 1. அதற்கும் கீழே போனாலும் மீதி வந்துகொண்டேதான் இருக்கும். முந்திரிக்குள் ஐந்து இருக்கிறது, மூன்று இல்லை.

இரும்புப் பெட்டியிலிருந்து அப்பச்சியின் பேரேடு ஒன்றை எடுத்துவந்தேன். அதில் வரவெல்லாம் ரூபாய், அணா, பை. ஓர் அணாவுக்கு 12 பை, அதாவது தம்பிடி, ரூபாய்க்கு 192. பன்னிரண்டுக்குள் ஒரு மூன்று இருக்கிறது. பங்காளிகள் மூன்று வீட்டுக்கும் பொதுச் செலவு போக மிஞ்சிய ஒரு ரூபாயைப் பிரித்த பக்கம் கிடைத்தது. மூன்று வரியிலும் ஒரே எழுத்து: 0-5-4. ஐந்தணா நாலு பை.

பேத்தி அதை ஃபிராக்‌ஷனாகப் போட்டாள்: பதினாறில் ஐந்து, அதோடு 192-இல் நான்கு. 1/3 என்று வந்தது. பிறகு மூன்று வரியையும் ஒவ்வொன்றாகத் தட்டிக் கூட்டினாள். திரையில் 1 என்று வந்தது. பேரேட்டில் அந்தப் பக்கத்தின் அடியிலும் அப்பச்சி 1-0-0 என்று கோடு போட்டு முடித்திருந்தார்.